தாமாரிடம் தாவீது என்ன சொன்னார்?

கேள்வி: எனக்கு வயது 61. அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். இரண்டு மகன்கள், ஒரு மகள். ஐந்து வருடங்களுக்கு முன்பு, மகள் கல்யாணத்துக்கென்று பீரோவில் வைத்திருந்த 22 பவுன் நகையை மூத்த மகன் எங்களுக்குத் தெரியாமல் எடுத்து அடகு வைத்து, ஆன்லைன் ரம்மியில் தொலைத்துவிட்டான். தெரிந்தபோது எனக்கு இரத்தம் கொதித்தது. ஆனாலும் அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கல்யாணமான புதிதில் நானும் குடித்துவிட்டு என் மனைவியின் நகையை அடகில் மூழ்கவிட்டவன். அப்புறம்தான் ஆண்டவர் என்னை மீட்டெடுத்தார். எந்த முகத்தோடு அவனைக் கேட்பது? கொஞ்சம் நிலத்தை விற்றுப் பாதி நகையைத் திருப்பினேன். வெளியே யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்டேன்.

ஒரு வருடம் கழித்து இளையவனுக்கு விஷயம் தெரிந்து, அண்ணனை அடித்து மண்டையை உடைத்துவிட்டான். அவனை வீட்டை விட்டுப் போகச் சொன்னேன். மூன்று வருடம் ஓசூரில் இருந்தான். போன வருடம் என் தம்பி எங்கள் இருவரிடமும் பேசி அவனை ஊருக்கு அழைத்து வந்தார். இரண்டு தெரு தள்ளி வாடகைக்கு இருக்கிறான். கிறிஸ்துமஸுக்கு வந்தான், சாப்பிட்டான், போய்விட்டான். நாங்கள் பேசிக்கொள்வதில்லை. மகளுக்கு 29 வயது, தனியார் பள்ளியில் வேலை பார்க்கிறாள், கல்யாணம் தள்ளிப் போகிறது. "தாவீதும் பிள்ளைகள் விஷயத்தில் தோற்றவர்தான், ஆனாலும் ஆண்டவருடைய இருதயத்துக்கு ஏற்றவர். ஜெபித்துவிட்டு விட்டுவிடுங்கள்" என்கிறார் சபை நண்பர் ஒருவர். தாவீதை நினைத்து நான் ஆறுதல் அடையலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

அன்புள்ள ஐயா,

ஆறுதல் அடையலாம். ஆனால் அதற்கு முன்னால் வேதத்தில் வரும் தாவீது ராஜாவின் கதையைக் கடைசிவரை வாசிக்க வேண்டும். இன்னொருவன் மனைவியான பத்சேபாள் விஷயம், நாத்தான் தீர்க்கதரிசி வந்து கண்டித்தது, தாவீது அழுதது, ஆண்டவர் மன்னித்தது என்று இரண்டாம் சாமுவேல் 12-ஆம் அதிகாரத்தோடு நம்மில் பலர் புத்தகத்தை மூடிவிடுகிறோம். உங்கள் வீட்டில் நடந்தது 13-லிருந்து 18 வரை இருக்கிறது.

உங்கள் நண்பர் நல்ல எண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் அந்த "இருதயத்துக்கு ஏற்ற மனுஷன்" என்கிற வார்த்தை எப்போது சொல்லப்பட்டது என்று பாருங்கள். சாமுவேல் தீர்க்கதரிசி சவுல் ராஜாவிடம் அதைச் சொல்லும்போது தாவீது இன்னும் கதைக்குள்ளேயே வரவில்லை. அபிஷேகம் பெறவில்லை, கல்யாணம் ஆகவில்லை, ஒரு பிள்ளையும் இல்லை. அவர் பிள்ளைகளை வளர்த்த விதத்துக்குக் கிடைத்த சான்றிதழாக அதை எடுத்துக்கொள்ள முடியாது. அதைப் பற்றி வேதம் நேராகச் சொல்லும் வரி 1 இராஜாக்கள் முதல் அதிகாரத்தில் இருக்கிறது. தாவீது கிழவராகிப் படுக்கையில் கிடக்கிறார். அதோனியா என்கிற மகன் தானே ராஜா என்று கிளம்புகிறான். அந்த இடத்தில், "நீ இப்படிச் செய்வானேன்" என்று தகப்பன் அவனை ஒருநாளும் கடிந்துகொண்டதில்லை என்று எழுதியிருக்கிறது. நீங்கள் மூத்தவனிடம் கேட்காமல் விட்டதும் அந்தக் கேள்வியைத்தான்.

சின்ன வயதில் எங்கள் ஓய்வுநாள் பள்ளியில் தாவீதின் இன்னொரு மகன் அப்சலோமின் படம் ஒன்று மாட்டியிருக்கும். நீளத் தலைமுடி மரக்கிளையில் சிக்கி அவன் தொங்குவான். (வேதத்தில் அவன் தலை மாட்டிக்கொண்டது என்றுதான் இருக்கிறது.) அப்பா பேச்சைக் கேட்காவிட்டால் இதுதான் கதி என்று டீச்சர் சொல்வார். 13-ஆம் அதிகாரத்தை யாரும் சொல்லித் தரவில்லை. பதினைந்து வயதில் தனியாக வாசித்தேன், அன்று இரவு தூக்கம் வரவில்லை. குடும்ப ஆலோசகராக இருபது வருடங்களுக்கு மேல் ஆன பிறகு சொல்கிறேன்: பிள்ளைகளைப் பயமுறுத்த வைத்திருக்கும் அந்தக் கதையை அப்பாக்கள் உட்கார்ந்து வாசிக்க வேண்டும்.

தாவீதின் மூத்த மகன் அம்னோன் தன் சகோதரி தாமாரைப் பலவந்தம் செய்தான். அவள் அப்சலோமின் கூடப்பிறந்தவள், அம்னோனுக்கு வேறு தாய் வழியில் தங்கை. உடம்பு சரியில்லை என்று அம்னோன் நடித்தபோது, அவனுக்குச் சமைத்துக் கொடுக்கும்படி அவளை அவன் வீட்டுக்கு அனுப்பியது தாவீதுதான். அவருக்கு ஒன்றும் தெரியாது, உண்மைதான். ஆனால் பிறகு தெரிந்தது. தெரிந்தபோது அவர் "வெகு கோபமாயிருந்தான்" என்று எழுதியிருக்கிறது. வசனம் அவ்வளவுதான். கோபத்துக்குப் பிறகு ஒன்றும் இல்லை. கூப்பிட்டு விசாரித்ததாக இல்லை, தண்டித்ததாக இல்லை. வேதத்தின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் கூடுதலாக ஒரு வரி வருகிறது: அம்னோன் மூத்த மகன் என்பதால் அவன்மேல் பிரியம் வைத்திருந்தார், அதனால் அவன் மனதை நோகடிக்கவில்லை. சாக்கடல் பக்கத்திலுள்ள கும்ரான் குகையில் கிடைத்த பழைய எபிரெயச் சுருளிலும் அந்த வரியின் பகுதி இருக்கிறது.

ஊரின் வழக்குகளையெல்லாம் தீர்க்க வேண்டிய ராஜா, தன் வீட்டு வழக்கை எடுக்கவில்லை. ஏன் என்று வேதம் விளக்கவில்லை. என் மனதில் பட்டதைச் சொல்கிறேன். இன்னொருவன் மனைவியை அரண்மனைக்கு வரவழைத்தவர், அவள் கணவன் உரியாவைப் போர்முனையில் சாகவிட்டவர், அம்னோனைப் பார்த்து என்ன சொல்வார்? வாய் திறந்தால் அவன் என்ன திருப்பிக் கேட்பான்? உங்கள் கடிதத்தில் "எந்த முகத்தோடு அவனைக் கேட்பது" என்ற வரிக்கு வந்தபோது இதைத்தான் நினைத்தேன்.

ஐயா, அந்தக் கேள்வியை நீங்கள் அடக்கம் என்று நினைக்கிறீர்கள். அது உங்கள் பிள்ளைகளுக்குச் செய்த தீங்கு. பத்சேபாள் விஷயத்துக்குப் பிறகு தாவீது பாடியதாக நாம் படிக்கும் 51-ஆம் சங்கீதத்தை எடுத்துப் பாருங்கள். "உமது இரட்சணியத்தின் சந்தோஷத்தைத் திரும்பவும் எனக்குத் தந்து" என்கிற வசனத்தை ஆராதனையில் எத்தனை முறை சொல்லியிருப்போம். அதற்கு அடுத்த வசனத்தில் அவர் ஒரு வாக்குக் கொடுக்கிறார்: "அப்பொழுது பாதகருக்கு உமது வழிகளை உபதேசிப்பேன்." மன்னிப்புக் கிடைத்தால் தவறு செய்கிறவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பேன் என்கிறார். சொல்லிக் கொடுக்க வேண்டிய பாதகன் அவர் வீட்டிலேயே இருந்தான். குடித்து, நகையை இழந்து, அதிலிருந்து மீண்டு வந்தவர் நீங்கள். அடகுக் கடை வாசலில் நிற்கும்போது கை எப்படி நடுங்கும், வீட்டில் பொய் சொல்லும்போது வயிற்றில் என்ன செய்யும் என்று தெரிந்தவர் உங்கள் வீட்டில் நீங்கள் ஒருவர்தான். மூத்தவனிடம் பேச உங்களைவிடத் தகுதியான ஆள் யாரும் இல்லை.

அப்பா பேசாவிட்டால் விஷயம் அடங்கிவிடும் என்று நாம் நினைக்கிறோம். தாவீதின் வீட்டில் அது அடங்கவில்லை. "நீ மவுனமாயிரு, இதை மனதில் வைக்காதே" என்று அப்சலோம் தாமாரிடம் சொல்கிறான். அவனும் அம்னோனிடம் நல்லதும் பேசவில்லை, கெட்டதும் பேசவில்லை. இரண்டு வருடம் அப்படியே போகிறது. பிறகு ஆட்டுமயிர் கத்தரிக்கிற விருந்து என்று அண்ணனை அழைத்துக் கொன்றுபோடுகிறான். அப்பா உட்கார வேண்டிய நியாயாசனம் இரண்டு வருடம் காலியாகக் கிடந்தது. தம்பி அதில் ஏறி உட்கார்ந்துகொண்டான். உங்கள் இளையவன் அண்ணனை அடித்ததும் அப்படித்தான். அடித்தது தவறு, மண்டை உடைந்தது இன்னும் பெரிய தவறு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தங்கைக்காக அந்த வீட்டில் கோபத்தை வெளியே காட்டிய ஒரே ஆள் அவன். வீட்டை விட்டுப் போகச் சொன்னதும் அவனைத்தான். நகையை எடுத்தவன் உள்ளேயே இருந்தான். அவன் மனதில் அது எப்படிப் பதிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்சலோம் தன் தாத்தா ஊரான கேசூருக்கு ஓடிப்போய் மூன்று வருடம் இருந்தான். நீங்களும் மூன்று வருடம் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்போது தாவீதின் மனநிலை என்ன? எபிரெய மூலத்தில் "ராஜாவின் இருதயம் அப்சலோமின்மேல்" என்று மட்டும்தான் இருக்கிறதாம். ஏக்கமா, மனத்தாங்கலா என்று அந்தச் சொற்கள் பிரித்துச் சொல்லவில்லை. எனக்கு அது சரியாகவே படுகிறது. பிள்ளையைப் பிரிந்திருக்கும் அப்பாக்கள் என் முன்னால் உட்கார்ந்து பேசும்போது, எது பாசம் எது கோபம் என்று அவர்களுக்கே பிரிக்கத் தெரிவதில்லை.

அப்புறம் தாவீதின் படைத்தலைவன் யோவாப் வருகிறான். தெக்கோவா ஊரிலிருந்து ஒரு பெண்ணை அழைத்து வந்து, ஒரு கதை சொல்ல வைத்து, ராஜாவைச் சம்மதிக்க வைக்கிறான். அப்சலோம் எருசலேமுக்குத் திரும்புகிறான். ஆனால் ராஜாவின் உத்தரவு, அவன் தன் வீட்டுக்குப் போகட்டும், என் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. ஒரே ஊரில் இரண்டு வருடம் அப்பா முகத்தைப் பார்க்காமல் அந்த மகன் இருந்தான். தூது போகச் சொல்லி யோவாபைக் கூப்பிட்டு அனுப்பினான், இரண்டு முறையும் யோவாப் வரவில்லை. கடைசியில் யோவாபின் வாற்கோதுமை வயலில் தீ வைக்கச் சொன்னான். என்மேல் குற்றம் இருந்தால் ராஜா என்னைக் கொன்றுபோடட்டும், ஆனால் நான் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றான். கிறிஸ்துமஸ் அன்று உங்கள் இளையவன் உங்கள் வீட்டு வாசல்படி ஏறி வந்ததை இதோடு சேர்த்து நினைத்துப் பார்த்தேன். சாப்பாட்டுக்காக யாரும் இரண்டு தெரு நடந்து வருவதில்லை.

தாவீது கடைசியில் அவனை வரச் சொல்கிறார். அவன் முகங்குப்புற விழுந்து வணங்குகிறான். ராஜா அவனை முத்தமிடுகிறார். அதிகாரம் முடிந்துவிடுகிறது. அம்னோனைப் பற்றி, தாமாரைப் பற்றி, அந்த ஐந்து வருடங்களைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசியதாக எழுதவில்லை. அந்த வசனத்தில் "தகப்பன்" என்கிற சொல்லும் வரவில்லை, திரும்பத் திரும்ப "ராஜா" என்றே வருகிறது. பேச்சு இல்லாத முத்தம் எவ்வளவு நாள் தாங்கும்? அடுத்த அதிகாரத்தில் அப்சலோம் பட்டண வாசலில் நின்று, வழக்கோடு வருகிற ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, எந்த ஊர் என்று விசாரித்து, உன் வழக்கைக் கேட்க ராஜாவிடத்தில் ஆள் இல்லையே என்கிறான். வணங்க வருகிறவனைக் கட்டிப்பிடித்து முத்தமிடுகிறான். தன் அப்பாவிடம் தனக்குக் கிடைக்காததை அவன் ஊருக்கே கொடுத்தான். ஜனங்களின் இருதயம் அவன் பக்கம் போனதில் ஆச்சரியம் இல்லை.

மீதி உங்களுக்குத் தெரியும். அப்பாவுக்கு எதிராக அப்சலோம் செய்த கலகம், தாவீது வெறுங்காலோடு ஒலிவ மலையில் அழுதுகொண்டே ஏறியது, எப்பிராயீம் காட்டில் நடந்த சண்டை, அதில் அப்சலோம் கொல்லப்பட்டது. செய்தி கொண்டுவந்த இரண்டு பேரிடமும் தாவீது கேட்டது ஒரே கேள்வி: பிள்ளையாண்டான் அப்சலோம் சுகமாயிருக்கிறானா? எபிரெயத்தில் அந்த "சுகம்" ஷாலோம் என்கிற சொல். அப்சலோமின் பெயருக்குள்ளேயே அது இருக்கிறது. பதில் தெரிந்த பிறகு மேல்வீட்டுக்கு ஏறிப் போகும்போது, "என் மகனே, என் மகனே" என்று அவர் கதறியதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவ்வளவு பாசம் முன்பே அவருக்குள் இருந்ததுதான். அதில் ஒரு வார்த்தையாவது அவன் காதில் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

இதெல்லாம் நாத்தான் சொன்ன தண்டனை, பட்டயம் வீட்டை விட்டு விலகாது என்று சொல்லியாகிவிட்டது, தாவீது என்ன செய்திருந்தாலும் மாறியிருக்காது என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தண்டனை வரும் என்று தெரிந்தும் பத்சேபாளின் குழந்தை பிழைக்க வேண்டும் என்று ஏழு நாள் தரையில் கிடந்து உபவாசித்தவர் அதே தாவீது. அன்று முயன்றார். வளர்ந்த பிள்ளைகள் விஷயத்தில் முயலவில்லை.

சரி, இப்போது உங்கள் மகளுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் மூத்தவனைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், இளையவனைப் பற்றி இன்னும் அதிகமாக எழுதியிருக்கிறீர்கள். மகளைப் பற்றி ஒரே வரி. அவள் வயது, வேலை, கல்யாணம் தள்ளிப் போவது. ஆனால் அது அவளுடைய நகை. நகை போனபோது அவள் என்ன சொன்னாள், அழுதாளா, மூத்தவனோடு ஒரே வீட்டில் எப்படி இருக்கிறாள், எதுவும் அந்தக் கடிதத்தில் இல்லை. தாமாருக்கு நடந்ததும் உங்கள் மகளுக்கு நடந்ததும் ஒன்றல்ல. தாமாருக்கு நடந்தது எதோடும் ஒப்பிட முடியாத கொடுமை. ஆனால் பாதிக்கப்பட்டவளைச் சுற்றி ஆண்கள் கோபப்பட்டுக்கொண்டும் பேசாமலும் இருக்க, அவள் ஒரு மூலையில் மறக்கப்பட்டுப் போவது இரண்டு வீட்டிலும் நடந்திருக்கிறது. தாவீது தாமாரிடம் என்ன சொன்னார் என்று தேடிப் பாருங்கள். ஒரு சொல்கூட எழுதப்படவில்லை. அவள் தன் சகோதரன் அப்சலோம் வீட்டில் தனித்துக் கிடந்தாள் என்பதோடு அவள் கதை முடிந்துவிடுகிறது. பின்னால் அப்சலோமுக்கு ஒரு மகள் பிறக்கிறாள். அவளுக்குத் தாமார் என்று பெயர் வைக்கிறான். அந்தக் குடும்பத்தில் அவளை ஒருவன் நினைத்துக்கொண்டிருந்தான் என்பதற்கு நமக்கு இருக்கும் சாட்சி அவ்வளவுதான்.

அதனால் முதலில் மகளிடம் பேசுங்கள். அதற்கும் முன்னால் உங்கள் மனைவியிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள், அவரும் ஒரு காலத்தில் நகையை இழந்தவர்தான். மகளிடம் சுற்றி வளைக்க வேண்டாம். "உன் நகையை உன் அண்ணன் எடுத்தான், நான் அவனைக் கேட்கவில்லை, உன்னிடமும் கேட்கவில்லை, ஊருக்குத் தெரியாமல் இருக்க வேண்டும் என்று மட்டும் பார்த்தேன், அது தப்பு" என்று நேராகச் சொல்லுங்கள். உடனே மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். அவள் அழுதால் அழட்டும், கோபத்தில் எழுந்து போனால் போகட்டும், மறுநாள் மறுபடி உட்காருங்கள். அவளுக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். கல்யாணமா, நகையா, தனியாக ஒரு வீடா, அவள் வாயால் வரட்டும். "வசனப்படி மன்னித்துவிடு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அப்சலோம் சொன்ன "மவுனமாயிரு" என்பதும் கேட்க அன்பாகத்தான் இருந்திருக்கும்.

மூத்தவனிடம் பேசும்போது உங்கள் பழைய கதையை மறைக்காமல் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, இனி நடக்க வேண்டியதையும் சொல்லுங்கள். மீட்காத பாதி நகைக்கு அவன் மாதாமாதம் எவ்வளவு தரப்போகிறான் என்று ஒரு நோட்டில் எழுதி, அந்த நோட்டைத் தங்கை கையில் கொடுக்கட்டும். ரம்மி இன்னும் விட்டபாடில்லை என்றால் அது திட்டினால் போகிற பழக்கம் அல்ல, சிகிச்சை தேவைப்படும் பிரச்சினை. 14416 என்ற எண்ணில் மத்திய அரசின் டெலி மானஸ் இலவச மனநல ஆலோசனை தமிழிலும் கிடைக்கும். மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கும் கூட்டிப் போகலாம். நீங்கள் குடியை விட்டது ஒரே நாளில் நடக்கவில்லை என்பது உங்களுக்கே தெரியும், அதை அவனிடம் சொல்லுங்கள்.

இளையவனிடம் உங்கள் தம்பியை அனுப்பாதீர்கள். அவர் செய்தது நல்ல காரியம், ஆனால் அவர் வேலை முடிந்தது. நீங்களே அந்த இரண்டு தெருவையும் நடந்து போங்கள். தங்கைக்காகக் கோபப்பட்டது நியாயம், அடித்தது தப்பு, அவனை மட்டும் வெளியே அனுப்பியது என் தப்பு என்று மூன்றையும் சொல்லுங்கள். அப்புறம் அவன் பேசட்டும். நான்கு வருடமாகச் சேர்த்து வைத்திருப்பான், சில வார்த்தைகள் உங்களைக் குத்தும். நடுவில் குறுக்கிடாமல், வேத வசனம் சொல்லாமல், கடைசிவரை கேளுங்கள். விருந்தும் கட்டிப்பிடித்தலும் அதற்குப் பிறகு வரட்டும்.

ஜெபத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. வாசல்படி இறங்குவதற்கு முன்னால் ஜெபியுங்கள், எனக்கும் அப்படித்தான் பழக்கம்.

இந்தப் பதில் அச்சில் வந்ததும் வெட்டி எடுத்து மகளிடம் வாசிக்கக் கொடுக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றலாம். தயவுசெய்து கொடுக்காதீர்கள். அவள் பள்ளியிலிருந்து வந்து காபி குடித்து முடிக்கட்டும். பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நீங்களே அவளிடம் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்